அந்தக் காரை உன் அப்பா கட்டவில்லை

கண்ணு,

இந்தக் கடிதத்தை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் கண்ணை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, ‘ஓகே மா, காட் இட்’ என்று ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் ஆக வேண்டும். ஞாயிறு தவறாமல் உன்னை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளியில் உட்காரவைத்தது வீண்போகவில்லை என்று இன்றைக்காவது காட்டு. நான் கோபமாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் கண்டுபிடித்துவிட்டு, ‘அம்மாவுக்கு பி.பி. ஏறிடுச்சா?’ என்று அப்பாவுக்குப் போன் போடாதே. என் பி.பி. நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் நீ போனில் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். ‘மா, லிசன். பேபி வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சான்டா கிளாராவுக்கு மூவ் ஆயிடுங்க. இர்விங் வீட்டை ரென்ட்டுக்கு விட்டுடலாம். இங்க டவுன்ஹவுஸ்ல எங்க ரெண்டு கார்தான் நிக்கும். ஸோ அப்பா காரைக் குடுத்துடலாம். ஒருத்தர் ரொம்ப இன்ட்ரஸ்டடா இருக்காரு. சண்டே வந்து பாப்பாரு, அடுத்த சாட்டர்டே டிரெய்லர் கொண்டுவந்து எடுத்துட்டுப் போயிடுவாரு.’ நான் ‘பாக்கலாம் சாமி’ என்றேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். பொம்மைக் கடையில் நீ எதைக் காட்டினாலும் நான் ‘பாக்கலாம்’ என்றுதான் சொல்வேன், அதில் ஒன்றையாவது வாங்கிக் கொடுத்தேனா என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வந்தார். பக்கத்துப் பிளேனோவில் பல் டாக்டராம். வாசலிலேயே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ‘உங்கள் மகன் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி பெட்டியாகக் கிடந்ததை நீங்களே உட்கார்ந்து கட்டினீர்களாமே. காரைவிட உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்’ என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘இத்தனை வருஷம் இவர் கராஜிலேயே கிடந்ததை நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?’ என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான், அவர்மேல் தப்பில்லை. நீ சொல்லி அனுப்பியதைத்தான் அவர் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

அந்தக் காரை உன் அப்பா கட்டவில்லை. நான் கட்டினேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். படித்துவிட்டு என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கரூரில் பஸ் கூண்டு கட்டும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். கம்பெனியிலிருந்து வெறும் சேஸ், எஞ்சினும் சக்கரமும் வைத்த அடிச்சட்டம் மட்டும் வரும், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டையாக ஓட்டிக்கொண்டு வருவார். அதன்மேல் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, கதவு ஜன்னல் வைத்து பஸ்ஸாக்கி அனுப்புவோம். எனக்குக் கொடுத்தது வரைபடம் போடுகிற வேலை. ஆனால் என் தாளில் இருந்த பஸ்ஸும் கீழே நின்ற பஸ்ஸும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஏன் என்று பார்க்க இறங்கிப் போனவள், அப்புறம் மேலே போகவே இல்லை. ‘ஏனுங்க மேடம், சீலையில அழுக்காயிப்போகுமுங்க’ என்று தகடு தட்டும் டிங்கர் வேலைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அடுத்த நாள் பழைய சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கல்யாணம் ஆகி, நீ பிறந்து, அதற்குப் பிறகும் அந்தச் சட்டையோடுதான் வேலைக்குப் போனேன்.

பிறகு அமெரிக்கா. அப்பாவுக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க் காண்ட்ராக்ட். எனக்கு எச்4 விசா, அதாவது வேலை பார்க்கிறவரின் மனைவி என்ற விசா. அதை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கக்கூடாது. ஒரு மனுஷி காலையில் எழுந்து சமைத்து, துவைத்து, பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யாமல் ஜன்னல் வழியாக ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அழுதேன். அது போரடித்ததும் நிறுத்தினேன். நீ மூன்றாம் வகுப்பு போகும்போது டெக்ஸாஸுக்கு, இந்த இர்விங்குக்கு மாறினோம். பிறகு நாமே வாங்கிய இந்த வீடு அப்போது வாடகை வீடு, என்றாலும் கராஜ் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் முதியோர் குடியிருப்புக்குப் போகிற சமயத்தில் அவர் கராஜைக் காலி செய்தார். அதற்குள் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காருகிற இங்கிலாந்துக் கார், எலும்பு வேறு தோல் வேறாகக் கிடந்தது. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார். அப்பா என்னை ஓரமாக இழுத்து, ‘ஏம் புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? இது காயலாங்கடைச் சாமான்’ என்றார். நான் ஒரு கதவைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். உள்ளே மரச்சட்டம், அதன்மேல் மடித்து ஆணியடித்த அலுமினியத் தகடு. கரூர்ப் பட்டறையே அங்கே சுருண்டு கிடந்த மாதிரி இருந்தது. ‘இது கூண்டு கட்டற வேலைதானுங்க. எனக்குத் தெரியும்’ என்றேன்.

இந்த வகைக் கார்களின் கதையை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். யூடியூபில் வருவதெல்லாம் முதலாளியின் பெயர், இல்லையென்றால் ரேஸில் ஜெயித்தவனின் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. வெளிநாட்டில் விற்று டாலர் கொண்டுவருகிறவனுக்குத்தான் முதலில் தகடு என்றது அரசாங்கம். போர் விமானம் கட்டிய ஊர்களில் அலுமினியம் இருந்தது, அதைத் தட்டத் தெரிந்த கைகளும் இருந்தன. அப்படித்தான் சின்னச் சின்னக் கொட்டகைகளில் இந்தக் கார்கள் பிறந்தன. எஞ்சினை ஒருத்தனிடம் வாங்குவார்கள், கியர்பாக்ஸை இன்னொருத்தனிடம். ஆஷ் என்ற மரத்தில் சட்டம் செய்து, மணல்மூட்டை மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு உருட்டி உருட்டி வளைவு கொண்டுவருவார்கள். அளவெல்லாம் கண்ணில்தான். அதனால் ஒரு காரின் கதவு இன்னொரு காருக்குப் பொருந்தாது. ஒரே காரில்கூட இடது பக்கமும் வலது பக்கமும் விரற்கடை வித்தியாசப்படும். சீட்டுத் தோலைத் தைத்ததில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் காரின் மூக்கின்மேல் ஒட்டிய பட்டையில் இருப்பது முதலாளியின் பெயர் மட்டும்தான்.

கட்டியதில் பெரும்பங்கு கப்பலேறி இந்த நாட்டுக்குத்தான் வந்தது. வாங்குகிறவனுக்கு வசதியாக ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாற்றி வைத்து அனுப்பினார்கள். நன்றாக யோசித்துப் பார். டாலருக்காகப் பிறந்த ஊரைவிட்டு அனுப்பி, இடது பக்கம் பழக்கி, தூறலுக்கென்று செய்ததை டெக்ஸாஸ் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? ‘பிரிட்டிஷ் கார்னாலே ஆயில் ஒழுகும்’ என்று எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அந்த நாளில் கொஞ்சம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனை ஏர்போர்ட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

அது எப்படி அப்பாவின் கார் ஆனது என்று இப்போது சொல்கிறேன். வேலை ஆரம்பித்த புதிதில் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவரின் வேன் கதவில் இடித்த பள்ளத்தைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். வீட்டம்மா மகிழ்ந்துபோய் ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் அடுத்த பாட்லக் விருந்தில் இதைக் கேட்ட ஒரு அங்கிள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ‘எச்ஃபோர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் பண்ணலாமாங்க? எவனாவது இமிக்ரேஷனுக்கு எழுதிப் போட்டான்னா கிரீன் கார்டு பைலையே தூக்கிக் கடாசிருவாங்க. புடவை வாங்கினாலும் கூலி கூலிதான்’ என்றார். அது சட்டமா, வெறும் பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பயமே போதுமானதாக இருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா சட்டென்று, ‘அட, நாந்தானுங்க தட்டுனது. இவ சும்மா பக்கத்துல நின்னா. கார் எல்லாம் என்ர ஹாபி’ என்றார். ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று இன்றைக்கும் யோசிக்கிற மனுஷன். அன்றிலிருந்து அவர் ஊருக்கெல்லாம் கார் அங்கிள்.

புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேலையை விடவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை உன்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கராஜ் கதவை இறக்கிப் பூட்டிக்கொண்டு உள்ளே வேலை செய்வேன். டெக்ஸாஸில் கதவை மூடிய கராஜ் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மரச்சட்டத்தில் உளுத்துப்போன பாகத்தை எல்லாம் மாற்றினேன். முன்சக்கரத்தின் மேல்தகடு அரித்துப்போயிருந்தது, அதைத் தட்டைத் தகட்டிலிருந்து புதிதாகவே தட்டி எடுத்தேன். மூன்று தகடு கிழிந்தது, நான்காவது நின்றது. நீ வருகிற நேரத்துக்குச் சீயக்காய்த் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன். சனி, ஞாயிறு மட்டும் கதவு திறக்கும். அப்பா வாசலைப் பார்க்க ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஸ்பேனரோடு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையசைப்பார். நீ பார்த்தது அந்தத் திறந்த கதவைத்தான். அதற்காக நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு கிரீன் கார்டு வந்து, சிட்டிசனும் ஆகி, பயப்பட ஒன்றுமே இல்லாமல் போன பிறகும் அந்தப் பொய் நம் வீட்டில் சௌகரியமாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு மனுப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். நம் வீட்டுக் கதைப்படி நான் ஒன்றும் செய்யவில்லை. என்னத்தைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காபித் தட்டோடு நான் கராஜுக்குள் போனபோது பல் டாக்டர் குனிந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி முன்தகட்டின் அடிவிளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ‘இவ்வளவு இறுக்கமான மடிப்பில் தகடு வெடிக்காமல் எப்படி மடித்தீர்கள்? சூடு பண்ணினீர்களா? எவ்வளவு சூடு என்று எப்படித் தெரிந்தது?’ என்று அப்பாவைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். துணி துவைக்கிற சோப்பைத் தகட்டில் தேய்த்துத் தீயைக் காட்ட வேண்டும், சோப்பு கறுக்கிறபோது நிறுத்தினால் தகடு வெற்றிலை மாதிரி மடியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டே வந்தேன், அன்றைக்கு மனசு வரவில்லை. அப்பா முதலில் ‘எஸ், எஸ், ஹீட்டிங்’ என்றார். பிறகு கன்னத்தைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: ‘ஐ டோன்ட் நோ சார். ஆஸ்க் மை ஒய்ஃப். ஷீ பில்ட் இட். ஐ ஒன்லி கேவ் ஹெர் த டூல்ஸ். சம்டைம்ஸ் த ராங் டூல்ஸ்.’

பல் டாக்டர் காபியை மறந்துவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் பேசினது பேச்சு! அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன், என் இங்கிலீஷ் தடுக்கின இடத்தில் கையால் காட்டுகிறேன். அப்பா ஓரத்தில் நின்று காபியை மூன்று தடவை சூடுபண்ணிக் கொண்டுவந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. அவர் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொன்னது எனக்காகத்தான். அதற்கப்புறம் அந்தப் பேரை ரசித்தது அவருக்காக. இரண்டும் உண்மை. எங்களுக்குள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ நடுவில் வராதே.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதே போனில் நீ, ‘நித்யாவும் ஒரு டூ இயர்ஸ் பிரேக் எடுத்துக்கலாம்னு பாக்கறா’ என்றாய். நித்யா பார்க்கிறாளா, நீ பார்க்கிறாயா? என் மருமகள் வாயால் அதை நான் கேட்கவில்லை. அவள் கடைசியாக என்னிடம் பேசியது அவள் டீமில் அவள் எழுதிய ஏதோ ஒன்றை எல்லா ஊரிலும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று. அதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது தெரியுமா? அவளே ஆசைப்பட்டு ஓய்வெடுத்தால் தாராளமாக எடுக்கட்டும். உன் வாயிலிருந்து அது முடிவாக வந்து, அவள் வீட்டில் அது மெல்ல உண்மையாகிப்போவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன். நல்ல எண்ணத்தோடு சொல்கிற வார்த்தைதான், அப்பா சொன்னதும் நல்ல எண்ணத்தோடுதான். இன்றைக்கே அவளை உட்காரவைத்துக் கேள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இரு, அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ வளர்க்கிற நேரத்தில் நான் எங்கே இருப்பேனோ. தகட்டைத் தட்டத் தட்ட அது விரியும். அளவுக்கு மிஞ்சித் தட்டிவிட்டால் பழையபடி சுருக்குவது பெரிய பாடு. உன்னை அந்த ஸ்பெல்லிங் போட்டி, கணக்கு வகுப்பு, கராத்தே என்று நான் அப்படித்தான் தட்டினேன். என் கையில் வேலை இல்லாமல் போன கோபமெல்லாம் உன்மேல் இறங்கியது. நீ அதைத் தாங்கிக்கொண்டு நன்றாகத்தான் வந்தாய். அதற்காக அதை உன் பிள்ளையிடம் செய்து பார்க்காதே.

இனி என் பக்கத்து முடிவு. நித்யாவின் பிரசவத்துக்கு நான் கட்டாயம் வருவேன். பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், ராத்திரி தோளில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் ஆசையாகச் செய்வேன், நீ கேட்காமலே செய்வேன். பிறகு திரும்பிவிடுவேன். டேகேருக்குப் பதிலாக என்னைக் கணக்கில் வைத்திருந்தால், இன்றைக்கே நல்ல டேகேராகப் பார்த்து வெயிட்டிங் லிஸ்ட்டில் பேரைக் கொடு. அப்பா உங்களோடு இருக்க ஆசைப்பட்டால் இருக்கட்டும், அவருக்குக் காபி போடத் தெரியும் என்பது ஞாயிற்றுக்கிழமை நிரூபணமாகிவிட்டது. இர்விங் வீடு வாடகைக்கு இல்லை. கார் விற்பனைக்கு இல்லை. அதை பல் டாக்டரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், ஆனால் கோபப்படவில்லை.

கோபப்படுவதற்குப் பதிலாக வேறொன்று கேட்டார். அவரிடமும் இதே மாதிரி இங்கிலாந்துக் கார் ஒன்று இருக்கிறதாம். கதவில் யாரோ இடித்துவிட்டார்கள், ரிப்பேருக்கு விட்ட இடத்தில் பள்ளத்தை நிமிர்த்தாமல் பட்டி மாவை அப்பி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்களாம். போன் எடுத்துப் படம் காட்டினார். ‘உங்களால் முடியுமா? என்ன சார்ஜ் பண்ணுவீர்கள்?’ என்றார். என் வாய் தன்னால், ‘அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லப் போனது. அப்பா பின்னாலிருந்து, ‘சொல்லு புள்ள. நாம சிட்டிசன் ஆயி எத்தன வருசமாச்சு? இன்னும் எவனுக்குப் பயப்படற?’ என்றார். நான் ஒரு தொகை சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்று என் கையைக் குலுக்கினார். இந்தத் தடவை முதலில் என் கையைத்தான் குலுக்கினார்.

ஆகவே சனிக்கிழமை டிரெய்லர் வரத்தான் போகிறது. வெறுமையாக வராது, அவர் காரை ஏற்றிக்கொண்டு வரும். நான் கராஜ் கதவை முழுக்கத் தூக்கி வைத்திருப்பேன், தெருவில் போகிறவர் எல்லோரும் பார்க்கட்டும். உன் பிரண்ட்ஸோ, நித்யா வீட்டாரோ, உன் அம்மா ஏன் கூட வந்து இருக்கவில்லை என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை, அப்பாவை விட்டு வர முடியவில்லை என்றெல்லாம் எனக்காகக் கதை கட்டாதே. அம்மாவுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று சொல்.